பழங்காலப் போர் ஒன்றை ஆராய்ந்து எழுதுவது எப்படி? தக்கோலத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

வரலாறு எழுத முற்படுவோரில் பலர், போர் என்றதும் நேராகக் களத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். யானைகள் பிளிறுகின்றன, வாள்கள் மோதுகின்றன, இரண்டே பக்கங்களில் ஒரு பேரரசு சாய்ந்துவிடுகிறது. படிக்கச் சுவையாக இருந்தாலும், அவ்வாறு எழுதப்படுவதில் பெரும்பகுதிக்கு எந்தச் சான்றும் இராது. போர் ஒரு பகலில் முடிந்துவிடும். அதைப் பற்றிய சான்றுகளோ அதற்கு முந்திய பத்தாண்டுகளில் யார் எங்கே பாளையம் இறங்கியிருந்தார்கள், யாருடைய நிலம் யாரிடம் போயிற்று என்பவற்றிலும், பிந்திய இருபது ஆண்டுகளில் எந்த ஊர்க் கோயிலில் எந்த அரசனின் ஆட்சியாண்டு வெட்டப்பட்டது என்பதிலும் சிதறிக் கிடக்கும். ஆகவே போரை எழுத விரும்புபவர் களத்துக்குக் கடைசியாகப் போவதே நல்லது என்பது என் கருத்து. அதற்கான வழிமுறையைக் கி.பி. 949இல் சோழருக்கும் இராஷ்டிரகூடருக்கும் நடந்த தக்கோலப் போரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். வென்றவர், தோற்றவர், அவர்களுக்கு உடன் நின்றவர் எனப் பல தரப்பாரின் கூற்றுகளும் கல்லிலும் செம்பிலும் கிடைக்கும் போர் என்பதால், பயிற்சிக்கு அது மிகவும் ஏற்றது.

சான்றுகளைத் தரப்பு வாரியாகப் பிரித்துக்கொள்ளுதல்

முதல் வேலை, போரைக் குறிப்பிடும் ஆவணங்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்வது: அதை எழுதுவித்தவர் எந்தத் தரப்பு, போர் நடந்து எத்தனை ஆண்டுகளுக்குப் பின் அது எழுதப்பட்டது. இந்த இரண்டும் இல்லாமல் ஒரு கல்வெட்டு வரியை மேற்கோள் காட்டுவது, சாட்சியின் பெயரைச் சொல்லாமல் சாட்சியத்தை மட்டும் படிப்பதைப் போன்றது.

தக்கோலத்தைப் பொறுத்தவரை காலத்தால் மிக நெருங்கியது ஆதகூர்க் கல்வெட்டு. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் நின்று, இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தக் கல், கன்னட மொழியில் பொறிக்கப்பட்டது. இது அரசன் நாட்டிய வெற்றித்தூண் என்று நினைத்துவிட வேண்டாம்; ஒரு வேட்டைநாயின் நினைவுக்கல். இராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்க அரசன் இரண்டாம் பூதுகனின் படையில், மணலேரன் என்ற வீரன் இருந்தான். அவன் காட்டிய வீரத்தில் மகிழ்ந்த பூதுகன், வேண்டியதைக் கேள் என்றபோது, காளி என்ற நாயைக் கேட்டுப் பெற்றான். அந்த நாய் பின்னர் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு போரிட்டது; நாயும் பன்றியும் சேர்ந்தே மடிந்தன. அதற்காகக் கோயில் முன்னே கல் நட்டு, நிலமும் விட்டு, அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசாரியைப் பாவம் சேரும் என்றும் எழுதிவைத்தார்கள். கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் மோதும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. சோழ இளவரசன் இராஜாதித்தன் தக்கோலத்தில் கொல்லப்பட்டதையும், அதற்காகக் கிருஷ்ணன் பூதுகனுக்கு வனவாசி 12000, பெள்வொல 300, புரிகெரெ 300, கிசுகாடு 70, பாகெநாடு 70 ஆகிய நாடுகளைக் கொடுத்ததையும் நமக்குச் சொல்வது இந்தக் கல்தான்.

ஆராய்பவருக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. போரைப் பற்றிய செய்தி, போரைப் பற்றியதென்று தலைப்பிட்ட ஆவணத்தில்தான் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நாய்க்குக் கல் நட்டவருக்கு அரசியல் வரலாற்றை மிகைப்படுத்த வேண்டிய தேவை குறைவு. நாடுகளின் பெயரையும் அளவையும் அவர் குறித்தது, தன் தலைவன் பெற்ற பரிசும் தான் பெற்ற பரிசும் ஒரே போரின் பயன் என்று காட்டுவதற்காக. இத்தகைய பக்கவாட்டுச் செய்திகள், அரசவைப் புலவர் பாடிய புகழ்மொழிகளைவிடப் பல நேரங்களில் நம்பத் தக்கவை.

சோழர் தரப்பில் ஆனைமங்கலச் செப்பேடுகளும் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் இருக்கின்றன. முன்னது இராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 அளவில், நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்குக் கொடுக்கப்பட்ட கொடையைப் பற்றியது. அவன் மகன் இராஜேந்திரன் காலத்தில் செம்பில் ஏறியது. பின்னது இராஜேந்திரன் காலத்தது. இரண்டும் போருக்கு அறுபது எழுபது ஆண்டுகள் பிற்பட்டவை. இரண்டுமே முன்னோர் பெருமையைக் கூறும் வம்சாவளிப் பகுதியில் இந்தப் போரைச் சொல்கின்றன. தோல்வியை மறைக்காமல் சொல்வதால் அவற்றின் மதிப்பு கூடுகிறது. ஆனால் எப்படித் தோற்றோம் என்ற இடத்தில் வடமொழிக் காவிய நடை வந்து அமர்ந்துகொள்வதால், அங்கே எச்சரிக்கை தேவை.

ஆண்டைக் கணக்கிடுதல்

இரண்டாவது வேலை காலத்தை உறுதி செய்வது. இங்கே பலர், கல்வெட்டுகளில் வரும் பழைய ஆண்டுத் தொடரான சக ஆண்டோடு 78ஐக் கூட்டிக் கி.பி. ஆண்டை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆதகூர்க் கல் சக ஆண்டு 872 என்று சொல்கிறது. 78ஐக் கூட்டினால் 950 வருகிறது. ஆனால் கல்லில் சௌமிய ஆண்டு என்ற அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரும் இருக்கிறது. நம் பஞ்சாங்கத்தில் 2029 ஏப்ரலில் தொடங்கப்போவது சௌமிய ஆண்டு. அதிலிருந்து பதினெட்டுச் சுழற்சிகளை, அதாவது 1080 ஆண்டுகளைக் கழித்தால் 949 வருகிறது. ஆகவே கல்லில் உள்ள 872 என்பது முடிந்த ஆண்டுகளை எண்ணும் கணக்கு ஆகாது, நடந்துகொண்டிருக்கும் ஆண்டையும் சேர்த்து எண்ணும் நடப்பு ஆண்டுக் கணக்கு என்பதும், கல் பொறிக்கப்பட்டது 949–50ஆம் ஆண்டில் என்பதும் தெளிவாகிவிடுகின்றன. கையில் ஒரு பஞ்சாங்கமும் தாளும் இருந்தால் எவரும் செய்யக்கூடிய சரிபார்ப்பு இது. சக ஆண்டும் சுழற்சி ஆண்டும் சேர்ந்து வரும் கல்வெட்டு எதுவானாலும் இரண்டையும் பொருத்திப் பார்த்த பின்னரே ஆண்டை எழுத வேண்டும்.

தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் சக ஆண்டு இராது. அரசனின் ஆட்சியாண்டுதான் இருக்கும். இராஜாதித்தனின் தந்தையான சோழ அரசன் முதலாம் பராந்தகன் 907இல் ஆட்சிக்கு வந்தவன் என்று கொண்டால், அவனுடைய 36ஆம் ஆண்டு 943இல் விழுகிறது. மூன்றாம் கிருஷ்ணன் ஆட்சிக்கு வந்தது 939இல். இந்த இரண்டு தொடக்கப் புள்ளிகளையும் ஒரு தாளின் தலைப்பில் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு, கிடைக்கும் ஒவ்வொரு கல்வெட்டையும் அதனதன் ஆண்டுக்கு நேரே ஊர்ப்பெயரோடு குறித்துவந்தால், போருக்கு முன்னும் பின்னும் நடந்தவை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

போருக்கு முந்திய பத்தாண்டுகள்

இனி, அந்தத் தாளில் போருக்கு மேலே உள்ள வரிகளைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் இரண்டு கேள்விகள் போதும்: மனக்குறையோடு இருந்தவர் யார், படையை யார் எங்கே வைத்திருந்தார்?

பராந்தகன் பாணர் என்ற குறுநில அரச குலத்தாரை வென்று அவர்கள் நிலத்தைத் தன் நண்பனான கங்கர் குலத்து இரண்டாம் பிருதிவீபதிக்குக் கொடுத்தான், வைதும்பர் என்ற மற்றொரு குலத்தாரையும் ஒடுக்கினான். நிலமிழந்தவர்கள் இராஷ்டிரகூடர் பக்கம் சாய்ந்தார்கள். கங்கநாட்டில் இரண்டாம் பூதுகன், தன் குலத்து இராசமல்லனைக் கொன்று, இராஷ்டிரகூடர் துணையோடு அரியணை ஏறியவன். அவன் மனைவி ரேவகநிம்மடி கிருஷ்ணனின் உடன்பிறந்தவள். எனவே பிருதிவீபதி மறைந்தபின் சோழரின் வடமேற்கு எல்லையில் நண்பர் என்று சொல்ல ஒருவர் இல்லாமல் போனதோடு, எதிரே நின்றவர்கள் கொண்டானும் கொடுத்தானுமாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கல்வெட்டுகளில் வரும் திருமண உறவுகளைப் பலர் குடும்பச் செய்தியென்று தள்ளிவிடுவார்கள். என்னைக் கேட்டால், இடைக்காலப் போர் ஒன்றில் யார் யாருக்காக வந்து நிற்பார் என்பதை முன்கூட்டிச் சொல்லும் வலுவான அடையாளம் அதுதான்.

அடுத்தது பாளையம். இராஜாதித்தன் போருக்குச் சில ஆண்டுகள் முன்னரே திருமுனைப்பாடி நாட்டில், இன்றைய திருநாவலூர்ப் பகுதியில், படையோடு தங்கியிருந்தான். அந்த ஊர் அவன் பெயரால் இராஜாதித்தபுரம் என்றே வழங்கியது. அங்கே படைவீரரும் பரிவாரத்தாரும் கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்திகள் கல்லில் இருக்கின்றன. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடு, 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடரோடு ஒப்படைக்கப்படுவது அக்காலத்து வழக்கம். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் கணக்கில் உள்ள எண்ணிக்கை குறையக் கூடாது, வரும் நெய்யும் குறையக் கூடாது என்பதே அதன் பொருள். இப்படியொரு நிலையான அறத்தை ஒரு வீரன் ஓர் ஊரில் செய்கிறான் என்றால், அவன் அங்கே ஓரிரவு தங்கிப் போகிறவன் அல்லன். அந்த ஊரைத் தன் ஊராக எண்ணும் அளவுக்கு நெடுங்காலம் இருந்தவன். படை எண்ணிக்கை எழுதப்படாத இடத்தில், படை எவ்வளவு காலம் நின்றது என்பதை விளக்கு தானங்கள் சொல்லிவிடுகின்றன.

பெண்ணையாற்றங்கரையில் 'கிராமம்' என்றே பெயர் கொண்ட ஊரில், இராஜாதித்தனின் படைத்தலைவன் வெள்ளங்குமரன் 943இல் சிவன் கோயிலைக் கற்றளியாகக் கட்டினான். அவன் மலைநாட்டுப் புத்தூரைச் சேர்ந்தவன், அதாவது இன்றைய கேரளத்தவன். திருநாவலூர்க் கல்வெட்டுகளிலும் மலைநாட்டுச் சேவகர்கள் வருகிறார்கள். சோழ இளவரசனின் படை எந்தெந்த நாட்டு ஆட்களால் ஆனது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. வீராணம் ஏரியை அந்தக் காலத்துப் படைவீரர்களே வெட்டினார்கள் என்று மக்கள் சொல்வதும் உண்டு. ஏரியின் பழம்பெயரான வீரநாராயணன் ஏரி, பராந்தகனின் பட்டப்பெயரால் வந்தது; படைவீரர் வெட்டிய கதையைச் செவிவழிச் செய்தி என்ற அடையாளத்தோடு மட்டுமே சேர்க்க வேண்டும்.

நிலப்படத்தில் நடந்து பார்த்தல்

தக்கோலம் இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணத்துக்கு அருகே உள்ளது. திருஞானசம்பந்தர் பாடிய திருவூறல் அதுவே. நிலப்படத்தில் அதைக் குறித்துக்கொண்டு பார்த்தால் முதலில் தெரிவது, அது காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் இருக்கிறது என்பது. தெற்கே திருநாவலூரில் இருந்த இளவரசன் காஞ்சியையும் கடந்து வடக்கே போய் எதிரியைச் சந்தித்திருக்கிறான். காஞ்சியைச் சுவருக்குள் இருந்து காக்காமல், அதற்கு வெளியே மறித்துக் காக்கும் எண்ணம் இருந்தது என்று ஊகிக்க இது இடம் தருகிறது. ஊகம் என்பதை ஊகமென்றே எழுத வேண்டும். ஆனால் நிலப்படத்தின் துணையோடு செய்யும் ஊகத்துக்கும் வெறுங்கற்பனைக்கும் வேறுபாடு உண்டு.

திருநாவலூரிலிருந்து தக்கோலத்துக்கு நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 145 கிலோமீட்டர். வண்டியும் யானையும் சேர்ந்த படை நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீட்டர் போவதே நல்ல நடை. வழி வளைவுகளையும் பாலாறு போன்ற ஆறுகளைக் கடப்பதையும் சேர்த்தால் பத்து நாளைக்குக் குறையாத பயணம்.

இப்போது உணவைக் கணக்கிட வேண்டும். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம் என்று வைத்துக்கொண்டால், இருபதாயிரம் பேருக்கு இருபதாயிரம் கிலோ. ஒரு பொதிமாடு நூறு கிலோ சுமக்கும் என்றால், ஒரு நாள் உணவுக்கு இருநூறு மாடுகள், பத்து நாளைக்கு இரண்டாயிரம் மாடுகள். யானையோ நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ வரை தழையும் புல்லும் தின்னும். ஐந்நூறு யானைகள் என்றால் எழுபத்தைந்தாயிரம் கிலோ. இவ்வளவையும் சுமந்துகொண்டு போக முடியாது. வழியில் உள்ள ஊர்கள்தான் கொடுக்க வேண்டும், அல்லது அவற்றிடமிருந்து பிடுங்க வேண்டும். ஒரு நூலில் நீங்கள் காணும் படைத்தொகையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பல இலட்சம் பேர் ஒரே வழியில் நடந்ததாகச் சொல்லும் கூற்றுகள் இரண்டு நிமிடத்தில் ஆட்டம் காணும்.

எண்களை நம்பும் அளவு

எண்களைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். கி.மு. 216இல் இத்தாலியின் கன்னேயில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் தோற்ற உரோமரில் ஏறத்தாழ 70,000 பேர் மடிந்தனர் என்று பொலிபியஸ் எழுதினார். லிவி 45,500 காலாட்களும் 2,700 குதிரை வீரர்களும் என்றார். இருவருமே அந்தப் போருக்குப் பிற்பட்டவர்கள், இருவருமே பொறுப்பாக எழுத முயன்றவர்கள், ஆனாலும் இருபதாயிரத்துக்கு மேல் வேறுபாடு. இத்தகைய இடத்தில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விழுங்கிவிடாமல் இரண்டையும் எழுத வேண்டும்.

நம் இலக்கியத்தில் சிக்கல் வேறு வகையானது. ஆயிரம் யானைகளைப் போரில் வென்றவனுக்கே பரணி என்ற போர்ச் சிற்றிலக்கியம் பாடத் தகும் என்று, இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் கூறும் பாட்டியல் நூல்கள் விதிக்கின்றன. அப்படியானால் ஒரு பரணியில் ஆயிரம் யானை வருவது எண்ணிக்கை ஆகாது; பாட்டுடைத் தலைவனுக்குப் பரணி பெறும் தகுதி உண்டு என்ற அறிவிப்பு. அதை எடுத்துக்கொண்டுபோய்ப் படைத்தொகைப் பட்டியலில் சேர்ப்பது புலவருக்கும் நியாயம் செய்யாது, வரலாற்றுக்கும் நியாயம் செய்யாது. ஆதகூர்க் கல்லில் வரும் வனவாசி 12000 என்பதும் வீரர் தொகையாகாது, நாட்டின் அளவைக் குறிக்கும் மரபு வழக்கு. இதைப் படை எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்ட கட்டுரைகளையும் பார்த்திருக்கிறேன்.

களத்துக்குள் நுழைதல்

இப்போதுதான் களம். இராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே மாண்டான் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. சோழர் கல்வெட்டுகள் அவனை 'ஆனைமேல் துஞ்சினார்' என்று குறிக்கின்றன. எதிரெதிர் தரப்புகள் ஒத்துப்போகும் செய்தியை உறுதியான செய்தியென்று எழுதலாம். எப்படி மாண்டான் என்பதில்தான் பிரிகிறார்கள். கிருஷ்ணனின் படையைத் தன் அம்புகளால் கலங்கடித்த பின், எதிரியின் கூரிய அம்பு மார்பைத் துளைக்க வீரசுவர்க்கம் புகுந்தான் என்பது ஆனைமங்கலச் செப்பேட்டின் கூற்று. ஆதகூர்க் கல்லோ பூதுகனே நேரில் பொருது கொன்றதாகச் சொல்கிறது. அந்தக் கன்னட வரியை முதலில் பதிப்பித்தவர், தழுவுவதுபோல் வஞ்சகமாகக் குத்தினான் என்று பொருள்கொண்டார். பின்வந்த அறிஞர்கள் அதைத் திருத்தி, யானையின் மேலிருக்கையையே களமாகக் கொண்டு பொருதான் என்று படித்தார்கள். பழைய வாசிப்பை மட்டும் பார்த்தவர்கள் இன்றும் வஞ்சகக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கல்வெட்டைப் பயன்படுத்துபவர் முதல் பதிப்போடு நின்றுவிடாமல், அதன்மீது பின்னர் வந்த திருத்தங்களையும் தேடிப் பார்ப்பது கட்டாயம்.

எவர் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய நெருக்கடி எழுதுபவருக்கு இல்லை. தலைவன் யானைமேல் வீழ்ந்ததும் படை ஏன் கலைந்தது என்ற கேள்விதான் பயனுள்ளது. அதற்கு ஒப்பீடு தேவை. சரியான ஒப்பீடு அதே மரபிலேயே, நூறு ஆண்டு தள்ளி இருக்கிறது.

1054 அளவில் கொப்பத்தில் சாளுக்கிய அரசன் முதலாம் சோமேசுவரனோடு நடந்த போரில் சோழ அரசன் இராஜாதிராஜனும் யானை மேல் இருந்தபடியே இறந்தான். சாளுக்கியர் நாட்டு அண்ணிகேரிக் கல்வெட்டு, 1071இல், பெள்வொல நாட்டுக் கோயில்களை அழித்த சோழன் தன் உயிரையே இழந்தான் என்று மனநிறைவோடு குறிக்கிறது. ஆனால் அன்று களத்தை வென்றவர்கள் சோழர்கள். இராஜாதிராஜனின் தம்பி இரண்டாம் இராஜேந்திரன் முன்னால் வந்து படையைத் தாங்கிக்கொண்டான். அவன் யானையின் நெற்றியிலும் அவன் தொடையிலும் அம்புகள் தைத்தன, உடன் ஏறியிருந்தோர் மாண்டனர், இருந்தும் எதிரியை முறியடித்து அந்தக் களத்திலேயே முடிசூடிக்கொண்டான் என்று அவன் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் புகழுரையான மெய்க்கீர்த்தி கூறுகிறது. கொல்லாபுரத்தில் வெற்றித்தூண் நாட்டியதாகவும் சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன.

இரண்டு போர்களையும் அருகருகே வைத்தால் தெரிவது இது: யானைமேல் இருக்கும் தலைவன் படை முழுவதுக்கும் தெரியும் கொடி, கொடி சாய்ந்தால் படை சாயும். ஆனால் அடுத்த நொடியில் இன்னொரு யானைமேல் இன்னொரு தலைவன் தெரிந்தால் படை நிற்கும். கொப்பத்தில் அந்த இரண்டாவது யானை இருந்தது. 1556இல் பானிபட்டில் முகலாயரை எதிர்த்து நின்ற ஹேமுவின் கண்ணில் அம்பு தைத்தபோது அப்படி ஒருவர் இல்லாததால், வெல்லும் நிலையில் இருந்த படை ஓடிப்போயிற்று. தக்கோலத்தின் விளைவைப் பூதுகனின் வீரத்தாலோ சோழரின் ஊழாலோ விளக்குவதைவிட, இந்தக் கோணத்தில் விளக்குவது எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

'திருப்புமுனை' என்று எழுதும் முன்

போரைப் பற்றிய கட்டுரைகளில் மலிந்துபோன சொல் 'திருப்புமுனை'. இதை எழுதுவதற்கு முன் தாளில் போருக்குக் கீழே உள்ள வரிகளை இருபத்தைந்து ஆண்டுகளுக்காவது பார்த்தாக வேண்டும்.

தக்கோலத்துக்குப் பின் தொண்டை மண்டலத்துக் கோயில்களில் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்ற பட்டத்தோடு மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டுகள் தொடர்ந்து வருகின்றன, நடுநாட்டிலும் வருகின்றன. காவிரிக் கரைச் சோழநாட்டின் நடுப்பகுதியில் அப்படி வருவதில்லை. ஆகவே பட்டத்தில் உள்ள இரண்டு ஊர்களுக்கும் ஒரே மதிப்பைக் கொடுக்க முடியாது. காஞ்சிப் பகுதி உண்மையில் அவன் ஆட்சிக்குள் பல்லாண்டு இருந்தது. தஞ்சையைக் கொண்டது, மிஞ்சிப்போனால், கொண்டு திரும்பிய படையெடுப்பு. பட்டம் சொல்வதைக் கல்வெட்டுகள் கிடைக்கும் பரப்பு திருத்துகிறது. எந்த மரபின் வெற்றிப் பட்டத்தையும் இவ்வாறு ஊர் ஊராகச் சோதித்துப் பார்க்கலாம்.

959இல் கிருஷ்ணன் வேலூர்ப் பகுதியின் மேல்பாடியில் பாளையம் இறங்கி, தென்னாட்டு நிலங்களைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டதைக் கர்ஹாடு செப்பேடு தெரிவிக்கிறது. பத்தாண்டு கழித்தும் வென்றவன் வென்ற நாட்டிலேயே இருந்தான் என்றால் அது உறுதியான வெற்றிதான். ஆனால் 967இல் அவன் இறந்தான். 972இல் பரமார அரசன் சீயகன் இராஷ்டிரகூடத் தலைநகர் மான்யகேடத்தைச் சூறையாடினான். 973இல் சாளுக்கியர் குலத்து இரண்டாம் தைலபன் அந்த அரசையே முடித்துவைத்தான். இதற்கிடையில் சுந்தர சோழன் தொண்டை மண்டலத்தை மீட்டுக்கொண்டான். காஞ்சிப் பொன்மாளிகையில் அவன் இறந்ததால் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' எனப்பட்டான். 985இல் இராஜராஜன் அரியணை ஏறினான். கிருஷ்ணன் பாளையம் இறங்கிய அதே மேல்பாடியில், ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக அவன் எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவுக் கோயில், இன்றும் நிற்கிறது.

எனவே தக்கோலம் சோழர் வளர்ச்சியை ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு நிறுத்திவைத்த போர் என்று எழுதலாம். சோழரை அழித்த போர் என்று எழுத முடியாது. கன்னேயும் அப்படித்தான்: உரோம் ஒரு பகலில் தன் பெரும்படையை இழந்தது, ஆனால் பதினான்கு ஆண்டு கழித்துச் சாமாவில் ஹன்னிபாலே தோற்றான். கி.மு. 1274 அளவில் காதேசில் தான் வென்றதாக எகிப்தின் இரண்டாம் ராம்சேஸ் கோயில் சுவரெல்லாம் செதுக்கிவைத்தான். காதேசு நகரம் ஹிட்டைட்டுகளிடமே இருந்தது, பதினைந்து ஆண்டு அளவில் கழித்து இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. களவெற்றி, நிலவெற்றி, நெடுங்கால விளைவு ஆகிய மூன்றையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதிப் பழகினால், திருப்புமுனை என்ற சொல் தானாகவே குறைந்துவிடும்.

தரப்புகளுக்குப் பெயரிடுதல்

எழுத உட்காரும்போது கடைசியாக எழும் சிக்கல், தரப்புகளை எப்படி அழைப்பது என்பது. தமிழர் ஒரு பக்கம், கன்னடர் மறு பக்கம் என்று எழுதினால் இன்றைய வாசகருக்கு உடனே புரியும். ஆனால் சான்றுகள் அதற்கு ஒத்துழைக்காது. கங்கர் குலத்தில் பிருதிவீபதி சோழனின் நண்பன், பூதுகன் சோழனின் எதிரி. தமிழகத்து வடபகுதிப் பாணர்கள் இராஷ்டிரகூடரைச் சார்ந்து நின்றவர்கள். சோழ இளவரசனின் படைத்தலைவன் மலைநாட்டவன். அரச குலப் பெயர்களையே பயன்படுத்துவதும், எந்தத் தலைவன் எந்த ஆண்டில் யார் பக்கம் நின்றான் என்பதைச் சொல்வதும் வாக்கியத்தைச் சற்று நீட்டும். அந்த நீளத்துக்குத் தயங்க வேண்டியதில்லை.

இதற்கு மிகவும் தக்க சான்று திருவொற்றியூரில் இருக்கிறது. அங்கே மடத்துத் தலைவராக இருந்த சதுரானன பண்டிதர் முன்னர் இராஜாதித்தனின் நெருங்கிய தோழர்; கேரளத்திலிருந்து வந்தவர்; தோழனோடு களத்தில் சாக வாய்க்காததற்கு நாணி, கங்கையாடித் துறவு பூண்டவர். கிராமம் என்ற ஊரில் கோயில் கட்டிய வெள்ளங்குமரனே இவர் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. 959 அளவில் அவர் ஒற்றியூர்க் கோயிலுக்குப் பொன் கொடுத்தபோது, கல்வெட்டில் காலம் குறிக்கப்பட்டது இராஜாதித்தனைத் தோற்கடித்த கன்னரதேவனின் ஆட்சியாண்டால். அந்த ஆண்டில் அந்த ஊரை ஆண்டவன் அவனே ஆதலால் வேறு வகையில் எழுத இடமில்லை. உங்கள் கட்டுரையில் இந்தச் செய்தியை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடாமல், படைகளின் அணிவகுப்புக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள்.